ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய் மரியாதை

திருப்பதியில் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, எழுதிச் சம்பாதிப்பது எப்படி. ஒரு மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். முடிந்ததும் சால்வை போர்த்தி, கண்ணாடி போட்ட சாமி படம் ஒன்றைக் கையில் கொடுத்து, போட்டோ பிடித்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். சித்தூருக்குத் திரும்ப பஸ் சார்ஜ் என் பையிலிருந்துதான் போனது. புத்தலப்பட்டு தாண்டும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எழுதுவதற்கு முன்னால் தொகையைக் கேளுங்கள். பேசிய தொகையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எத்தனை பிரதி, மறுபதிப்புக்கு எவ்வளவு, பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நகல் இல்லாமல் எதையும் தபாலில் சேர்க்காதீர்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு கார்டு போடுங்கள், அதில் கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். எல்லாம் நல்ல புத்திமதி. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், நீங்க இதெல்லாம் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சித்தூரில் ஓர் அச்சகத்தில் தமிழ் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதி கார்டு, வேலூர்ப் பக்கத்து வியாபாரிகளின் நோட்டீஸ், இவ்வளவுதான் என் இலக்கியம். ஒருநாள் அச்சகத்துக்குள் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க வந்தவனுக்குத் தமிழும் அரைகுறையாகத் தெரிந்தது. அரைகுறை போதும் என்று முதலாளி முடிவு செய்தார். நாடே கதவைத் திறந்துவிட்ட காலம் அது. வெளியிலிருந்து என்னென்னவோ உள்ளே வந்தன, நான் வெளியே வந்தேன்.

என் மனைவிக்கு அப்போது மாங்கூழ் ஃபாக்டரியில் வேலை. சித்தூரைச் சுற்றி அந்த ஃபாக்டரிகள் மளமளவென்று முளைத்திருந்தன. கூழ் டின்னில் அடைபட்டு கப்பலேறியது, மாங்காய்ப் பால் பட்ட விரல்கள் இங்கே வெந்து உரிந்தன. சீசன் மூன்று மாதம். மீதி நாளெல்லாம் கடலைக்காய் பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போவாள். அவளுடைய அண்ணன் பெங்களூரில் துணி தைக்கிற கம்பெனியில் இருந்தான். இரண்டு பேரும் வந்தால் இரண்டு பேருக்கும் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவள் மூட்டை கட்டத் தயார். நான்தான் மறுத்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரே ஆசை, எழுத்துக்காரன் என்று பேர் வாங்க வேண்டும்.

"ஒரு வருசம் குடு மே, எழுதியே வூட்டை நடத்திக் காட்டறேன்" என்றேன்.

"நடத்தலன்னா?"

"நீ சொல்ற எடத்துக்கு வரேன்."

"அடுத்த மாங்கா சீசன் வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல நீ வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி, நான் பஸ் ஏறிடுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள்.

முதல் ஆறு மாதம் மெட்ராஸ் வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பினேன். பதினான்கு போனது, இரண்டு அச்சானது. ஒன்றுக்கு மணியார்டர் வந்தது, இன்னொன்றுக்கு அன்பளிப்புப் பிரதி வந்தது. ஒரு தெலுங்குப் பேப்பரின் ஜில்லா பக்கத்துக்கும் செய்தி எழுதினேன். அங்கே அச்சான செய்தியைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, ஸ்கேல் வைத்து நீளம் அளந்து அனுப்பினால் அளவுக்குத் தக்க காசு. ஒருமுறை என் செய்திகள் இரண்டு, தாளின் இரண்டு பக்கத்திலும் ஒன்றின் முதுகில் ஒன்றாக வந்துவிட்டன. ஒன்றைக் கத்தரித்தால் மற்றது போகும். இன்னொரு பேப்பர் வாங்கினேன். அந்தச் செய்திக்கு வந்த காசும் அந்தப் பேப்பரின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் மனைவி இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. மாதங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த நிலைமையில்தான் திருப்பதிப் பதிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்குக் கடை. சாமி படம், சுப்ரபாதம் கேசட், தெலுங்கிலும் தமிழிலும் ஸ்தல புராணம். தெலுங்கர், ஆனால் வாடிக்கையாளர் பாதிப்பேர் தமிழர் என்பதால் தமிழ் பேசுவார். நெற்றி நிறைய நாமம், நாக்கு நிறைய மரியாதை. என்னைப் போன்ற ஆளுக்கு, "ரண்டி ரைட்டர்காரு, கூர்ச்சோண்டி" என்று நாற்காலியை இழுத்துப் போட்ட முதல் கடைக்காரர் அவர்தான்.

அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். புராணம் நிறைய இருக்கிறது, ஆனால் அலிபிரியிலிருந்து நடந்து மலையேறுகிற தமிழ் ஜனங்களுக்கு வேண்டியதைச் சொல்ல ஒரு புத்தகமும் இல்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த மண்டபத்தில் படுத்தால் காற்று வரும், எந்த இடத்தில் குரங்கு பையைப் பிடுங்கும், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "பாக உந்தி, நல்லா இருக்கு. எழுதுங்க. சாமி காரியம்" என்றார். எவ்வளவு தருவீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. கேட்கவில்லை. சாமி காரியம் என்று ஒருவர் சொன்ன பிறகு காசு கேட்டால் நாக்கு கூசும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது தடவை ஏறி இறங்கினேன். கையில் நோட்டு, காலில் ஒன்றுமில்லை. விடியலில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிற பெண்களிடம் இடுப்பு எங்கே பிடிக்கிறது என்று கேட்டேன். முழங்கால் மெட்டு என்கிற செங்குத்துப் படியில் முட்டி போட்டு ஏறுகிறவர்களிடம் துணி சுற்றிக்கொள்வது தோஷமா என்று கேட்டேன். வெயில் நேரத்தில் கல் எங்கே சுடும் என்பதை என் பாதத்தாலேயே குறித்தேன். எண்பது பக்கம். நான் எழுதியதிலேயே பொய் கலக்காதது அதுதான்.

கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோன நாள் வெள்ளிக்கிழமை. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் கூட்டிப்போனார். கிழக்கு பார்த்து உட்கார வைத்தார். அவருடைய மனைவி எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், இரண்டு வாழைப்பழம் வைத்து எடுத்து வந்தார். அதன்மேல் ஒரு கவர். பதிப்பாளர் எழுந்து நின்று என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். குனிந்து வாங்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதைப் புரிந்துகொள்ள என் வீட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நைனாவும் அம்மாவும் கூலிக்காரர்கள். சர்க்கார் கொடுத்த முக்கால் ஏக்கர் கையில் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது. கூலி வாங்கும்போது துண்டை விரித்துத் தரையில் போட வேண்டும், மேலேயிருந்து தானியம் விழும், கை படாது. ஆனால் கூலி விழாமல் களத்தை விட்டு நைனா ஒருநாளும் நகர்ந்ததில்லை. பொழுது சாய்ந்தாலும் நிற்பார், திட்டினாலும் நிற்பார். கூலி கேட்க வெட்கப்படாத வயிற்றில் பிறந்தவன் நான். தட்டில் வைத்துக் கொடுத்ததும் அந்த ஒரு வித்தை எனக்கு மறந்துபோனது.

வெளியே வந்து கவரைப் பிரித்தேன். ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய்.

அதை நான் அச்சாரம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் மாடு வாங்கினாலும், நிலம் குத்தகைக்குப் பேசினாலும், வெற்றிலை பாக்கோடு கைமாறுவது அச்சாரம்தான். வேலை முடிந்ததும் மீதி வரும். வீட்டுக்கு வந்து தட்டுச் சாமானையும் கவரையும் மனைவி முன்னால் வைத்தேன்.

"மிச்சம் எப்போ?" என்றாள்.

"புக்கு வந்ததும் குடுப்பாரு."

"எவ்ளோன்னு கேட்டியா?"

"அவரை மாதிரி பெரிய மனுசங்கிட்ட கேக்கறதா மே? தானா குடுப்பாரு."

அவள் வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள். "பழம் நல்லா கீது" என்றாள்.

புத்தகம் வந்தது. விலை ஆறு ரூபாய். பின்னட்டையின் கீழ் ஓரத்தில், கடுகு அளவு எழுத்தில் என் பெயர். போதும் என்றிருந்தது. என் மனைவி கடலைக்காய் பிடுங்கப் போகிற இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். கூட வேலை செய்கிறவர்கள் நான்கு பேர் காசு போட்டு வாங்கினார்கள், மொட்டை போடப் போகும்போது உதவும் என்று. அந்த ஒரு வாரம் அவள் பெங்களூர் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் தலை நிமிர்ந்து சோறு தின்ற வாரம் அது.

மீதிப் பணம் கேட்க மூன்று தடவை திருப்பதிக்குப் போனேன். முதல் தடவை காபி வந்தது, விற்பனை எப்படி என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை இட்லியும் வந்தது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு "சாமி உங்க கையில உக்காந்து எழுதியிருக்காரு" என்றார், அதற்குமேல் எப்படிக் கேட்பது. ஊர் திரும்புமுன் அலிபிரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், கடைக்குக் கடை என் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டை புதிது, இரண்டாம் பதிப்பு. எடுத்துத் திருப்பினேன். பின்னட்டையில் என் பெயர் இருந்த இடத்தில் ஒரு லாட்ஜ் விளம்பரம், வெந்நீர் வசதி உண்டு.

மூன்றாம் தடவை காபி வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். அச்சாரம் போக மீதி எவ்வளவு, எப்போது என்று.

மனிதர் உண்மையாகவே திடுக்கிட்டார். இன்றுவரை அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அச்சாரமா? ஏமி ரைட்டர்காரு, சம்பாவன வாங்கினீங்களே. தட்டுல வச்சு, துண்டு போத்தி."

"நான் அட்வான்ஸ்னு நெனச்சேன்."

"வெய்யி நூட்ட பதஹார்லு, ஆயிரத்து நூத்திப் பதினாறு, யாராவது அட்வான்ஸ் குடுப்பாங்களா? அட்வான்ஸ்னா ஐநூறு, ஆயிரம்னு ரவுண்டா குடுப்போம். பதினாறு சேத்துக் குடுத்தா அது மரியாத. புரோகிதருக்கு, பண்டிதருக்குக் குடுக்கறது. உங்களுக்கு அந்த மரியாத செஞ்சேன். அதுக்கு மேல கூலி கேக்கறீங்களா?"

கடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். பெயர் எங்கே என்று கேட்டேன். இந்தத் தடவை இடம் பத்தவில்லை, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். காபி வந்தது. அந்தக் காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எனக்குத் தெரியாதா என்ன? பிறந்தது முதல் தெலுங்குக் கல்யாணம் பார்த்து வளர்ந்தவன். மொய் என்றால் நூற்றுப் பதினாறு, பெரிய மனிதர் என்றால் ஆயிரத்து நூற்றுப் பதினாறு. அந்தப் பதினாறு எதற்கு என்று இந்த ஜில்லாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கவரைப் பிரித்தபோது எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் அச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. பண்டிதனுக்குச் செய்கிற மரியாதையும் வேண்டும், கூலிக்காரனுக்கு விழுகிற கூலியும் வேண்டும். அவரிடம் ஏமாந்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் எனக்குப் பிடித்ததைக் கொடுத்தார், அவ்வளவுதான். மலிவாக முடிந்தது அவருக்கு.

வீட்டில் சொன்னேன். மாங்காய் சீசன் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவள் விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"கெடு முடிஞ்சிடுச்சி, தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்."

"நாளைக்கு லீவு சொல்லிட்டு வரேன். அந்த ஆளைக் காட்டு."

வேண்டாம் என்றேன். மானம் போகும் என்றேன். "யாரு மானம்?" என்று கேட்டாள்.

கடையில் அன்று நல்ல கூட்டம். அவள் நாற்காலியில் உட்காரவில்லை, காபியைத் தொடவில்லை. நின்றுகொண்டே தெலுங்கிலும் தமிழிலும் கலந்து கேட்டாள்.

"எங்க ஆளு ஒம்போது தபா மலை ஏறி எறங்கி கீறாரு. புஸ்தகம் எழுதினதுக்கு நீ மரியாத செஞ்ச, சரி, அத்த நான் கேக்கல. ஏறி எறங்கினதுக்குக் கூலி குடு. மலை மேல மூட்டை தூக்கறவனுக்கு ஒரு நடைக்கு எவ்ளோ குடுக்கற? ஒம்போது நடை."

"அம்மா, அதி அலா காது, அது அப்படி இல்ல..."

"எது காது? காலு நொந்துச்சா இல்லியா?"

சாமி படம் வாங்க வந்த ஒரு குடும்பம் வாங்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. பதிப்பாளர் என்னைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. நான் கேசட் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒருத்தி கடையில் நின்று சண்டை போடுகிறாள், எனக்கோ அவர் இனிமேல் என்னை ரைட்டர்காரு என்று கூப்பிடுவாரா என்பதுதான் கவலை. அந்த நேரத்தில் அதுதான் ஓடியது, எழுதியே ஆக வேண்டும்.

கடைசியில் கையில் காசு இல்லை, வேண்டுமானால் புத்தகமாக எடுத்துக்கொள் என்றார். இருநூறு பிரதி. அவள் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஈரம் பட்டதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு வேறு வாங்கினாள். மாங்காய் பொறுக்குகிற கை அது.

மறுநாள் காலை அலிபிரியில், படி தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கோணியை விரித்துப் புத்தகத்தை அடுக்கி உட்கார்ந்தாள். வரும்போதே அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன், எழுதினது நான்தான் என்று யாரிடமும் சொல்லிவிடாதே என்று. எழுத்தாளன் பெண்டாட்டி கோணியில் கடை போட்டிருக்கிறாள் என்று தெரிந்த முகம் யாராவது பார்த்துவிட்டால்? அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி" என்றாள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரம் நின்றுகொண்டேன்.

அவளுக்கு விற்கத் தெரிந்திருந்தது. "நடந்து போறவங்களுக்கு வழி புஸ்தகம், தண்ணி எங்க, நெழலு எங்க, எல்லாம் போட்டு கீது, ஆறு ரூவா" என்று நிறுத்தாமல் கூவினாள். எண்பது பக்கத்தில் நான் சொன்னதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய தமிழ் ஜனம் வாங்கியது. இரண்டு நாளில் கோணி காலியானது. பெங்களூரில் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தது அந்தக் காசைப் போட்டுத்தான். நான் எழுதியதற்கு வந்த காசில் அதுதான் பெரியது, அதுவும் என் கைக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் மதியம் மொட்டைத் தலையோடு ஒரு பெரியவர் வந்து புத்தகத்தைப் புரட்டினார். மலை இறங்கி வந்தவர். முதல் நாளே வாங்கியிருந்தாராம், ஊருக்குக் கொண்டுபோக இன்னும் ஐந்து வேண்டும் என்றார். சொன்ன இடத்தில் தண்ணீர் இருந்தது, சொன்ன இடத்தில் குரங்கும் இருந்தது என்று சிரித்தார். ரோடு தாண்டி எனக்குக் கேட்டது. ஒரு எழுத்துக்காரனுக்கு வாழ்க்கையில் கிடைக்கக்கூடிய நல்ல வார்த்தை அவ்வளவுதான்.

முன்னட்டையையும் பின்னட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா எழுதினது? பேரைக் காணமே" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள். நான் ஒரு எட்டு முன்னால் வைத்திருந்தால் போதும். டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"தெர்லிங்க. யாரோ எழுதிக் குடுத்துட்டு பூட்டாங்க" என்று சொல்லி, முப்பது ரூபாய்க்குக் கையை நீட்டினாள்.